தனித்தனி லேயரில் வரைவது: எங்கே பிரிக்கலாம், எங்கே பிரிக்கக் கூடாது?

ஜூன் 2, வாசகர் கேள்வி

டிஜிட்டலில் வரையத் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. பார்த்த பாடங்கள் எல்லாவற்றிலும் "எதையும் தனி லேயரில் போடுங்கள், அதுதான் பாதுகாப்பு" என்றார்கள். லேயர் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி. அப்படியே செய்தேன். முடிக்கு ஒன்று, நெற்றிக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று, கண்மணிக்கு ஒன்று, கண்மணியில் தெரியும் ஒளிப்புள்ளிக்கு ஒன்று. இப்போது ஒரு முகத்துக்கே நாற்பது லேயரைத் தாண்டிவிட்டது. எது எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே பாதி நேரம் போகிறது. படமும் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது. லேயர் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பது சரிதானே? எனக்கு மட்டும் ஏன் ஒத்துவரவில்லை?

ஜூன் 2, இரவு

லேயர் கூடினால் கூடுவது லேயர் மட்டும்தான்.

தனி லேயர் என்பது "இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைத்த ஒரு முடிவு. சில முடிவுகளைத் தள்ளிவைப்பது நல்லது. உடையின் நிறம், பின்னணியின் வெளிச்சம் போன்றவை கடைசி வரை மாறலாம். ஆனால் மூக்கு கன்னத்தின் மேல்தான் இருக்கப் போகிறது. அதை எதற்குத் தள்ளிவைக்க வேண்டும்?

வெட்டி ஒட்டிய தோற்றத்துக்குக் காரணமும் அதுவே. மூக்கு ஒரு லேயர், கன்னம் ஒரு லேயர் என்றால் இரண்டுக்கும் நடுவில் ஓரம் ஒன்று பிறந்துவிடும். நிஜ முகத்தில் அந்த ஓரம் கிடையாது. மூக்கின் பக்கவாட்டிலிருந்து கன்னத்துக்குத் தோல் ஒரே பரப்பாகத் திரும்புகிறது, ஒளி மெல்லக் குறைகிறது. நாமோ இரண்டு லேயரிலும் மாறி மாறி மென்மையான பிரஷ் போட்டு அந்த ஓரத்தை மறைக்கப் பார்க்கிறோம். அது மறையாது, மங்கத்தான் செய்யும். மங்கிய ஓரம் கூர்மையான ஓரத்தைவிட மோசம்.

என் அளவுகோல் இது: ஓரம் கூர்மையாக நிற்க வேண்டிய இடத்தில் பிரிப்பேன். நிறம் நிறத்தில் கரைய வேண்டிய இடத்தில் பிரிக்க மாட்டேன். முகம், காது, கழுத்து என்று தோல் முழுவதும் ஒரே லேயர். முடித்திரள் ஒன்று. உடை ஒன்று. பின்னணி ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே ஸ்கெட்ச். தொடங்க இது போதும்.

ஜூன் 3

"தனி லேயரில் இருந்தாலும் ஸ்மட்ஜ் கருவியால் கலந்துவிடலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஸ்மட்ஜ் என்பது விரலால் தேய்ப்பதுபோல் நிறத்தை இழுக்கும் கருவி. கலக்கலாம், ஆனால் எதை எதோடு கலக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

ஸ்மட்ஜ் சாதாரணமாக இப்போது தேர்ந்தெடுத்திருக்கும் லேயரை மட்டுமே பார்க்கும். கன்னத்தின் ஓரத்தில் தேய்த்தால் அதற்குக் கிடைப்பது கன்னத்தின் நிறமும், ஓரத்துக்கு வெளியே இருக்கும் வெறுமையும்தான். நிறத்தோடு வெறுமையையும் இழுத்துவரும். விளைவாக ஓரம் அரைகுறையாக ஒளி ஊடுருவும் நிலைக்கு வந்து, அடியில் என்ன நிறம் இருக்கிறதோ அது கோடாக எட்டிப்பார்க்கும். அடியில் வெள்ளைக் கேன்வாஸ் இருந்தால் முகத்தைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று தெரியும்.

எல்லா லேயரிலிருந்தும் நிறம் எடுக்கும்படி ஒரு தேர்வு பல மென்பொருள்களில் உண்டு. ஃபோட்டோஷாப்பில் 'சாம்பிள் ஆல் லேயர்ஸ்'. மேலே ஒரு காலி லேயரைத் திறந்து, இதை டிக் செய்துவிட்டுத் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியும் நிறங்களை எடுத்துக் காலி லேயரில் போடும். நன்றாகத்தான் வேலை செய்யும். ஆனால் அதற்குப் பிறகு அடியில் இருக்கும் கன்னத்தின் நிறத்தை மாற்றினால், மேலே தேய்த்து வைத்தது பழைய நிறத்திலேயே நிற்கும். அப்படியானால் எதைச் சாதித்தோம்? தனித்தனியாக மாற்றலாம் என்றுதானே பிரித்தோம்.

ஜூன் 5

வேலை செய்யும் வரிசையைக் கேட்டு நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் செய்வதைச் சொல்கிறேன், இதுதான் முறை என்று இல்லை.

முதலில் ஸ்கெட்ச். அதன் ஒபாசிட்டியை, அதாவது அடர்த்தியை, குறைத்துவிட்டு, அடியில் ஒவ்வொரு உருவத்துக்கும் தட்டையான ஒற்றை நிறம் நிரப்புவேன். இந்த ஃப்ளாட் வேலை சலிப்பானது. ஆனால் படத்தில் உள்ள கூர்மையான ஓரங்கள் எல்லாம் இங்கேதான் முடிவாகின்றன. இதற்குக் கடினமான பிரஷ்தான் வேண்டும். மென்மையான பிரஷ்ஷால் ஃப்ளாட் போட்டால் ஓரத்தில் பாதி ஒளி ஊடுருவும் பிக்சல்கள் சிதறிக் கிடக்கும். பிறகு எது செய்தாலும் அவை தலைகாட்டும். ஃப்ளாட் முடிந்ததும் அடியில் கண்ணைப் பறிக்கும் ஒரு நிறத்தை, பச்சையோ மெஜந்தாவோ, தற்காலிகமாகப் போட்டுப் பார்ப்பேன். விட்டுப்போன ஓட்டைகள் எல்லாம் அப்போது பளிச்சென்று தெரியும்.

பிறகு ஆல்ஃபா லாக். அந்த லேயரில் ஏற்கெனவே நிறம் இருக்கும் இடத்தில் மட்டுமே இனி வரைய முடியும். பிரஷ் வெளியே வழிந்தாலும் எதுவும் விழாது. ஃபோட்டோஷாப்பில் சாய்கோட்டு விசை, புரோகிரியேட்டில் லேயரின் மேல் இரண்டு விரலால் வலப்பக்கம் தள்ளினால் போதும். கிரிதாவில் லேயர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள கட்டம் போட்ட சின்னம்.

கிளிப்பிங் மாஸ்க்கும் ஓரத்தைக் காப்பதுதான், ஆனால் தனி லேயராக மேலே உட்காரும். அடியில் உள்ள வடிவத்துக்கு உள்ளே மட்டும் தெரியும். எதற்கு எது? தோலில் நிறம் கலந்து கலந்து வரைய ஆல்ஃபா லாக். உடையில் பூவேலை, நெற்றியில் நிழல் என்று பிறகு நகர்த்தவோ அழிக்கவோ வாய்ப்புள்ளவற்றுக்குக் கிளிப்பிங்.

கிரிதா பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கிளிப்பிங்கை 'இன்ஹெரிட் ஆல்ஃபா' என்ற பொத்தான்தான் செய்கிறது. அது நேர் அடியில் உள்ள ஒரு லேயரை மட்டும் பார்ப்பதில்லை. அதே குரூப்பில் அடியில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும். குரூப் போடாமல் அழுத்தினால், அடியில் கேன்வாஸ் முழுக்க நிரப்பிய பின்னணியும் கணக்கில் சேர்ந்து, எதுவுமே வெட்டுப்படாமல் நிற்கும். உடையையும் அதன் நிழலையும் ஒரு குரூப்பில் போட்டுவிட்டு அழுத்துங்கள். பொத்தான் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இதுதான்.

ஜூன் 6

நிழலுக்கு மல்டிப்ளை லேயர் போடுபவர்கள் ஒருமுறையாவது சிக்கும் பொறி ஒன்று.

மல்டிப்ளை என்பது ஒரு லேயரை அடியில் உள்ளதோடு கலக்கும் மோடுகளில் ஒன்று. அது செய்வது எளிய கணக்கு. மேல் லேயரின் நிற எண்ணையும் (0 கறுப்பு, 255 வெள்ளை) கீழ் லேயரின் எண்ணையும் பெருக்கி 255 ஆல் வகுக்கும். கீழே 200, மேலே 128 என்றால் தெரிவது 100. இப்போது நிழலை இன்னும் கொஞ்சம் நீட்டலாம் என்று நிறம் எடுக்கும் ஐ டிராப்பரால் நிழலைத் தொடுகிறீர்கள். அது எடுப்பது கண்ணுக்குத் தெரியும் 100 ஐ, லேயரில் உண்மையில் இருக்கும் 128 ஐ அல்ல. அந்த 100 ஐ மல்டிப்ளை லேயரில் வைத்தால் 200 பெருக்கல் 100 வகுத்தல் 255, அதாவது 78. புதிதாக நீட்டிய நிழல் பழையதைவிடக் கறுத்துவிடும். அதைத் தொட்டு எடுத்து மறுபடி வரைந்தால் இன்னும் கறுக்கும். "என் நிழல் மட்டும் ஏன் திட்டுத் திட்டாக வருகிறது" என்பதற்குப் பல நேரம் காரணம் இதுதான், கை நடுக்கம் இல்லை.

ஐ டிராப்பரின் தேர்வில் 'கரன்ட் லேயர்' என்று மாற்றிவிட்டால் 128 கிடைக்கும்.

இன்னொன்று: மல்டிப்ளையில் வெள்ளை எதையும் செய்யாது, எதைப் பெருக்கினாலும் அதே எண்தான் வரும். அதனால் சிலர் வெள்ளையை ரப்பராகப் பயன்படுத்துகிறார்கள். பார்வைக்குச் சரியாக இருக்கும். ஆனால் அந்த லேயரை என்றைக்காவது நார்மலுக்கு, அதாவது சாதாரண மோடுக்கு, மாற்றினால் முகத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளைத் திட்டுகள் எழுந்து நிற்கும்.

ஜூன் 6, இரவு

லேயர்களுக்குப் பெயர் வையுங்கள் என்று சொல்ல வந்தேன். என் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தால் 'லேயர் 27 நகல் 3 நகல்' என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே 'கடைசி'. அதற்கும் மேலே 'உண்மையான கடைசி'. அறிவுரையை ஒத்திவைக்கிறேன்.

ஜூன் 9

பிரஷ்ஷின் ஒபாசிட்டியைக் குறைப்பதும் லேயரின் ஒபாசிட்டியைக் குறைப்பதும் ஒன்றுதானே என்று கேள்வி. ஒன்றல்ல. தனி லேயர் வைத்துக்கொள்வதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல காரணமே இந்த வித்தியாசம்தான்.

பிரஷ்ஷை 50 சதவீதத்தில் வைத்து இரண்டு தீற்றல் போட்டால், அவை ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் 75 சதவீதம் மூடிவிடும். முதல் தீற்றல் பாதியை மூடியது, இரண்டாவது மீதியில் பாதியை மூடியது. மூன்றாவது விழுந்தால் 87.5. இப்படித் தீற்றல்களின் குறுக்குவெட்டு எல்லாம் கறுத்துக் கறுத்துத் தெரியும். சில படங்களுக்கு அந்த அடுக்கு அழகுதான். ஆனால் ஒரு மரத்தின் நிழல் தரையில் விழுகிறது என்று வையுங்கள். கிளை மேல் கிளை வந்தாலும் நிழல் இரண்டு மடங்கு கறுக்காது. ஒளி மறைந்தால் மறைந்ததுதான். அங்கே புது லேயர் எடுத்து, பிரஷ்ஷை 100 இல் வைத்து முழுக் கறுப்பாக நிழலின் வடிவத்தை வரைந்துவிட்டு, லேயரின் ஒபாசிட்டியை இறக்க வேண்டும். எத்தனை தடவை மேலே மேலே வரைந்தாலும் ஒரே அடர்த்தி.

மூடுபனி, கண்ணாடி, நீரில் தெரியும் பிம்பம் எல்லாமே இப்படித்தான். முதலில் வடிவம், அப்புறம் அடர்த்தி.

ஜூன் 11

எல்லாவற்றையும் பிரி என்ற அறிவுரை எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஃபோட்டோஷாப்பின் வரலாற்றைப் பார்த்தால் ஓர் ஊகம் தோன்றுகிறது.

1990 இல் முதல் பதிப்பு வந்தபோது அதில் லேயரே கிடையாது. 1994 இல் வந்த 3.0 இல்தான் லேயர் வந்தது. அதற்கு முன் ஒட்டியதை ஒட்டியபடியே மிதக்கவிட்டுச் சரிசெய்யலாம். செலக்ஷனை (தேர்ந்தெடுத்த பகுதியை) விட்டால் அடியில் உள்ளதோடு ஒன்றாகிவிடும், முடிந்தது. லேயர் வந்த பிறகும் அன்டூ ஒரே ஒரு படிதான். பல படிகள் பின்னால் போகும் ஹிஸ்டரி 1998 இல் 5.0 உடன்தான் வந்தது. நடுவில் இருந்த நான்கு ஆண்டுகள் வரைந்தவர்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு தீற்றல் தவறாகப் போய்விட்டால் முதல் தீற்றலை நீக்க வழியில்லை. அவர்களுக்குத் தனி லேயர்தான் அன்டூ. கண்மணியின் ஒளிப்புள்ளியைத் தனியாகப் போட்டதில் நியாயம் இருந்திருக்கும். அந்தப் பழக்கம் பாடமாகி, பாடத்திலிருந்து பாடத்துக்கு நகலாகி வந்திருக்கலாம். இன்றைக்கு நீளமான அன்டூ பட்டியல் கையில் இருக்கும்போது அதே காரணத்துக்காகப் பிரிக்க வேண்டியதில்லை.

அடுக்கி வரைவது கணினி கண்டுபிடித்ததும் இல்லை. அசைபடங்களுக்காக ஒளி ஊடுருவும் தாளில் உருவத்தையும் அடியில் வேறு தாளில் பின்னணியையும் வைக்கும் முறைக்கு அசைபடக் கலைஞர் ஏர்ல் ஹர்ட் 1914 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்தத் தாள்கள் முழுத் தெளிவானவை அல்ல. மேலே தாள் கூடக்கூட அடியில் இருக்கும் நிறம் மங்கும், அதற்கேற்ப வண்ணத்தைத் திருத்திக் கலக்க வேண்டியிருந்தது. அதனால் தாளை எண்ணி எண்ணித்தான் அடுக்கினார்கள். நமக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் போனதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு.

கணினிக்குள் ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை வைக்கும் கணக்கை ஒழுங்காக எழுதிவைத்தது கணினி வரைகலை ஆய்வாளர்கள் போர்ட்டரும் டஃபும் 1984 இல் வெளியிட்ட கட்டுரை. நாம் நார்மல் என்று விட்டுவைக்கும் லேயர் செய்வது அதில் 'ஓவர்' என்று பெயரிட்ட அதே கணக்குதான்: மேலே உள்ளது எவ்வளவு மூடவில்லையோ அவ்வளவுக்குக் கீழே உள்ளது தெரியும். ஜூன் 9 அன்று சொன்ன 75 சதவீதம் இங்கிருந்துதான் வருகிறது.

ஜூன் 12

அசைபடத்துக்கு உருவம் வரையும் ஒருவர் நியாயமாகக் கோபித்துக்கொண்டிருக்கிறார். "மூக்கைப் பிரிக்காதே என்கிறீர்கள், நான் இமையை மேல், கீழ் என்று பிரிக்காவிட்டால் பாத்திரம் கண் சிமிட்டாது."

உண்மை. வரைந்த படத்தையே அசைய வைக்கும் லைவ்2டி மாதிரி வேலைகளுக்கு வரைபவர் கண்மணி, விழிவெள்ளை, இமை, புருவம், வாயின் உட்பக்கம் எல்லாவற்றையும் பிரித்தே ஆக வேண்டும். பிரிப்பதோடு நிற்காது, ஒன்றின் பின்னால் மறைந்திருக்கும் பகுதியையும் வரைய வேண்டும். முன்முடி அசையும்போது அடியில் நெற்றி இருக்க வேண்டுமே.

ஆனால் என் அளவுகோல் அங்கேயும் உடையவில்லை என்று நினைக்கிறேன். அங்கே நகரும் பாகம் ஒவ்வொன்றுக்கும் உண்மையிலேயே ஓரம் உண்டு. ஆகவே ஜூன் 2 இல் சொன்னதை இப்படி விரித்துக்கொள்கிறேன்: கூர்மையான ஓரம் உள்ளவை, நகரப் போகிறவை, வேறொருவர் சொல்லி மாறப் போகிறவை. இந்த மூன்றுக்கும் தனி லேயர்.

மூன்றாவதை அனுபவத்தில் சேர்க்கிறேன். பிறருக்காக வரையும்போது, மாற்றச் சொல்லப்போவது எது என்று முதல் பேச்சிலேயே ஓரளவு தெரிந்துவிடும். ஒருவர் சட்டை நிறத்தைப் பற்றி மூன்று தடவை பேசினால் சட்டை தனி லேயர், அதில் நிழலும் தனி. ஒருவர் எதைப் பற்றியும் பேசாமல் "உங்கள் இஷ்டம்" என்றால் எல்லாமே தனி லேயர். கடைசி நாளில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வது அவர்தான்.

ஜூன் 15

"வரைகிறேன், ஒன்றுமே விழவில்லை." இதே புகார் பல வடிவில் வருகிறது. ஜிம்ப் பயன்படுத்துபவர்களிடமிருந்துதான் அதிகம், அதற்குக் காரணமும் இருக்கிறது.

ஜிம்பில் ஒவ்வொரு லேயருக்கும் தனி அளவு உண்டு. கேன்வாஸ் பெரிதாக இருந்தாலும் லேயர் அதில் ஒரு மூலையளவு இருக்கலாம். அந்த எல்லையைச் சுற்றிப் புள்ளிக்கோடு தெரியும். கோட்டுக்கு வெளியே வரைந்தால் ஒன்றும் விழாது. லேயர் மெனுவில் 'லேயர் டு இமேஜ் சைஸ்' கொடுத்தால் தீர்ந்தது. அழிக்கும்போது வெறுமை வராமல் வெள்ளையோ பின்னணி நிறமோ வந்தால், அந்த லேயரில் ஆல்ஃபா சேனல், அதாவது எங்கே எவ்வளவு வெறுமை என்று குறித்துவைக்கும் தகவல், இல்லை என்று பொருள். லேயரின் மேல் வலது கிளிக் செய்து 'ஆட் ஆல்ஃபா சேனல்'. ஒட்டியது மிதந்துகொண்டிருந்தால் அதைப் புது லேயராக்கும் வரை அல்லது நங்கூரமிடும் (அடியில் உள்ள லேயரோடு சேர்க்கும்) வரை வேறு எதிலும் வரைய விடாது.

மென்பொருள் எதுவானாலும் நான் பார்க்கும் வரிசை: எங்காவது கண்ணுக்குத் தெரியாத சிறு செலக்ஷன் விட்டுப்போயிருக்கிறதா, லேயர் மறைத்து வைத்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா, காலி லேயரில் ஆல்ஃபா லாக் போட்டுவிட்டோமா, லேயருக்குப் பதிலாக அதன் மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா.

கடைசியாகச் சொன்னது நயவஞ்சகமானது. வரைந்தால் நிறம் விழாது, படத்தில் ஓட்டை விழும். மாஸ்க்கில் கறுப்பு என்றால் மறை, வெள்ளை என்றால் காட்டு, சாம்பல் என்றால் பாதி. நீங்கள் ஆசையாகத் தேர்ந்தெடுத்த செந்நிறம் அங்கே வெறும் சாம்பல். லேயர் பட்டியலில் இரண்டு சிறு படங்கள் பக்கம் பக்கமாக இருக்கும், எதைச் சுற்றிச் சட்டம் தெரிகிறது என்று பாருங்கள். மற்றபடி மாஸ்க் மிக நல்ல விஷயம். ரப்பரால் அழித்தது போனதுதான். மாஸ்க்கில் மறைத்ததை வெள்ளை பூசித் திரும்ப வரவழைக்கலாம்.

ஜூன் 18

மெர்ஜ் செய்தால், அதாவது இரண்டு லேயரை ஒன்றாக்கினால், நிறம் மாறுகிறது என்பது மென்பொருளின் பிழை அல்ல.

மல்டிப்ளை லேயரை அதற்கு அடியில் உள்ளதோடு மெர்ஜ் செய்கிறீர்கள். அடி லேயரில் நிறம் இருக்கும் இடத்தில் பெருக்கல் சரியாக நடக்கும். அடி லேயர் வெறுமையாக இருக்கும் இடத்தில் பெருக்க எதுவும் இல்லை, நிழலின் நிறம் அப்படியே நார்மலாக ஒட்டிக்கொள்ளும். அதற்கும் கீழே இருக்கும் பின்னணி இதுவரை நிழலோடு பெருகித் தெரிந்தது, இப்போது அதன்மேல் தட்டையான சாம்பல் திட்டு உட்கார்ந்துவிடும். நிழலை உருவத்துக்குள் கிளிப் செய்திருந்தால் இந்தத் தொல்லை வராது.

குரூப்பும் இதே வகைதான். ஃபோட்டோஷாப்பில் குரூப்பின் மோடு 'பாஸ் த்ரூ' என்றால் உள்ளே உள்ள மல்டிப்ளை குரூப்புக்கு வெளியே கீழே இருப்பவற்றையும் கறுப்பாக்கும். 'நார்மல்' என்று மாற்றினால் குரூப்புக்குள் இருப்பதோடு நின்றுவிடும். ஒழுங்குபடுத்தலாம் என்று குரூப் போட்டதும் பளபளப்பெல்லாம் செத்துப்போனால் முதலில் இதைப் பாருங்கள்.

ஜூன் 19

நினைவகக் கணக்கு கேட்டவருக்கு: 4000க்கு 5000 பிக்சல் படம் என்றால் 2 கோடி பிக்சல். சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா என்று பிக்சலுக்கு 4 பைட். முழுக்க நிரப்பிய ஒரு லேயர் சுமார் 80 எம்பி. 16 பிட்டில் வரைந்தால் 160. நாற்பது முழு லேயர் என்றால் 3 ஜிபியைத் தாண்டும். நடைமுறையில் காலி இடத்துக்குப் பல மென்பொருள்கள் இடம் ஒதுக்குவதில்லை, ஒளிப்புள்ளி லேயர் கிட்டத்தட்ட இலவசம்தான். புரோகிரியேட்டில் கேன்வாஸைப் பெரிதாக்கினால் அனுமதிக்கும் லேயர் எண்ணிக்கை குறைவது இந்தக் கணக்கால்தான்.

ஜூன் 20

லேயரோடு சம்பந்தமில்லாதது, ஆனால் லேயர்மேல் பழி விழுகிறது. பச்சையின் மேல் மென்மையான பிரஷ்ஷால் சிவப்புப் போட்டால் நடுவில் அழுக்கான கறுப்புப் பட்டை வருகிறது, பிரித்து வரைந்தாலும் வருகிறது என்கிறார் ஒருவர். வரும். முழுச் சிவப்பும் முழுப் பச்சையும் பாதிப் பாதி கலந்தால் வழக்கமான கணக்கில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 128, 128, 0. ஒளியின் உண்மையான அளவில் கலந்தால் ஏறக்குறைய 188, 188, 0 வந்திருக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பின் கலர் செட்டிங்ஸில் அப்படி ஒளியின் அளவிலேயே (காமா 1.0 இல்) கலக்கும்படி ஒரு தேர்வு இருக்கிறது. நான் அதைத் தொடுவதில்லை. நடுவில் கொஞ்சம் மஞ்சளைக் கையாலேயே வைத்துவிடுகிறேன், அந்த மஞ்சள் எவ்வளவு என்று நானே முடிவு செய்ய முடிகிறது.

ஜூன் 23

பென்சிலில் வரைந்து ஸ்கேன் செய்து, அதற்கு நிறம் கொடுப்பவர்களுக்கு.

ஸ்கேன் லேயரை மேலே வைத்து மல்டிப்ளை என்று மாற்றினால் தாளின் வெள்ளை காணாமல் போகும், கோடு மட்டும் நிற்கும். பலருக்கு இது போதும். ஆனால் கோட்டுக்கு நிறம் கொடுக்க வேண்டுமென்றால் போதாது, வெள்ளை இன்னும் உள்ளே இருக்கிறது. ஜிம்பிலும் கிரிதாவிலும் 'கலர் டு ஆல்ஃபா' என்ற ஃபில்டர் வெள்ளையை நிஜமாகவே வெறுமையாக மாற்றிக் கொடுக்கும். ஃபோட்டோஷாப்பில் சுற்றுவழி: சேனல் பட்டியலில் ஆர்ஜிபி மேல் கன்ட்ரோல் அழுத்திக் கிளிக் செய்தால் வெளிச்சம் செலக்ஷனாக வரும், அதைத் தலைகீழாக்கிப் புது லேயரில் கறுப்பை நிரப்ப வேண்டும். பென்சிலின் அழுத்தம் குறைந்த இடங்கள் ஒளி ஊடுருவும் கறுப்பாக அழகாக வந்து சேரும். அதில் ஆல்ஃபா லாக் போட்டுத் தோலுக்குப் பக்கத்துக் கோடுகளைச் செம்பழுப்பாக்கினால், ஸ்கேன் செய்தது என்றே தெரியாது.

பக்கெட்டால் நிரப்பும்போது கோட்டுக்கும் நிறத்துக்கும் நடுவில் மெல்லிய வெள்ளை இழை விட்டுப்போகும். கோட்டின் ஓரம் படிப்படியாக வெளுப்பதால், பக்கெட் சற்று முன்பே நின்றுவிடுகிறது. நிறத்தைக் கோட்டுக்கு அடியில் உள்ள லேயரில் போட்டு, நிரப்பும் பகுதியை ஒன்றிரண்டு பிக்சல் வளர்த்துக்கொள்ளுங்கள். கிரிதாவில் அந்த அளவு ஃபில் கருவியிலேயே இருக்கிறது. கோட்டின் லேயரிலேயே நேரடியாக நிரப்புபவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

ஜூலை 1

கேள்வி கேட்டவர் அதே முகத்தை ஏழு லேயரில் மறுபடி வரைந்து அனுப்பியிருக்கிறார். தோல் இப்போது தோலாக இருக்கிறது. மூக்கின் பக்கவாட்டுத் திருப்பம் பிரமாதம். "ஆனால் முடி மட்டும் தொப்பி மாட்டியதுபோல் இருக்கிறது, உங்கள் அளவுகோல்படிதான் பிரித்தேன்" என்கிறார்.

முடிதான் இந்த அளவுகோலைச் சோதிக்கும் இடம். ஒரே முடி, அடியில் கரைகிறது, நுனியில் கூர்மையாக நிற்கிறது. நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் ஓரமே கிடையாது. தோல் கொஞ்சம் கொஞ்சமாக அடர்ந்து முடியாகிறது. தோளின் மேல் விழும் நுனியில் கத்தி மாதிரி ஓரம். இதை ஒரே லேயரில் பூட்டினால் தொப்பிதான்.

நான் மூன்றாகச் செய்வேன். தலைக்குப் பின்னால், கழுத்துக்குப் பின்னால் தெரியும் முடியைத் தோல் லேயருக்கு அடியில் வைப்பேன். அது தட்டையாக, இருட்டாக இருந்தால் போதும். முன்னால் வரும் திரளைத் தோலுக்கு மேலே வைத்து, கடினமான ஓரத்தோடு ஃப்ளாட் போடுவேன், ஆனால் நெற்றிக்கோட்டில் மட்டும் மாஸ்க் போட்டு, சாம்பல் பிரஷ்ஷால் மெல்ல மறைப்பேன். பிறகு தோல் லேயருக்கே இறங்கி, மயிர்க்கால் இருக்கும் இடத்தில் தோலின் நிறத்தை முடியின் நிறம் பக்கமாகக் கொஞ்சம் இருட்டாக்குவேன். தொப்பித் தோற்றம் போவது பெரும்பாலும் இந்தப் படியில்தான், பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். முடியின் லேயரில் எவ்வளவு பாடுபட்டாலும் அடியில் நெற்றி மெழுகுபோல் வெளுத்திருந்தால் பயனில்லை.

மூன்றாவது, தனித்துப் பறக்கும் இழைகள். எல்லாம் முடிந்த பிறகு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயரில், சின்ன பிரஷ்ஷால். முகத்தின் மேல் விழும் இழையின் நிழலுக்கு இன்னொரு லேயர் வேண்டாம், தோல் லேயரிலேயே இழைக்கு ஒட்டி ஒரு தீற்றல் வையுங்கள். இழைகளைக் குறைவாகப் போடுங்கள். அதிகமாகப் போனால் அந்த லேயரை மறைத்துவிட்டு, இல்லாமல் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.